முதல் உருண்டை யாருக்கு?

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அரசாங்க வேலை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றி மனை வாங்கி வீடு கட்டியவர்கள் வேறு என்ன வேலை பார்ப்பார்கள்? ஒருவர் வருவாய்த் துறை, ஒருவர் கருவூலம், நான் தபால் பிரிவு. எதிர்வீட்டு மணிவேல் மட்டும் கால்நடைத் துறை. அதிலும் டாக்டர் இல்லை, ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். மாடு, ஆடு, கோழி எது எதைப் போட்டாலும் அதைக் கரைத்து, வடிகட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதில் புழு முட்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்வதுதான் அவருக்கு மாதம் முழுக்க வேலை.

பெண் பார்க்கப் போனபோது அவருடைய அம்மா, பையனுக்குக் கலெக்டர் ஆபீஸ் பக்கம் லேப்பில் வேலை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். பெண் வீட்டார் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், மேற்கொண்டு கேட்பது மரியாதையில்லை என்று அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். பெண்ணான தனத்துக்கு விஷயம் தெரிந்தபோது கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்திருந்தது. பிறந்த வீட்டில் தினமும் விடியற்காலையில் வெறும் கையால் சாணம் கரைத்து வாசல் தெளித்து வளர்ந்தவள்தான். ஆனாலும் வாசலில் தெளித்தால் லட்சுமி, கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தால் அசிங்கம் என்பது அவள் கட்சி. ஆபீஸ் சட்டையை அவரே தனியாகத் துவைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவர் அதை இன்றுவரை மீறியதில்லை.

மணிவேலிடம் ஒரு கோளாறு உண்டு. பார்த்ததை மட்டும்தான் சொல்வார், பார்த்ததை விட்டுவைக்கவும் மாட்டார். எங்கள் கிரகப்பிரவேசத்தில் பாயசம் எப்படி என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "முந்திரி ஜாஸ்தி, சக்கர கம்மி" என்றார். என் மனைவி இன்றைக்கும் அவருக்குக் காபி கொடுக்கும்போது சர்க்கரையை ஆத்திரத்தோடு அள்ளிப் போடுகிறாள். ஒருமுறை ஒரு பண்ணைக்காரர், கறவை மாட்டை விற்க வேண்டும், புழு இல்லை என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று பெரிய பலாப்பழத்தோடு வீட்டுக்கே வந்தார். பழமும் ஆளும் அதே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள். அன்று தெருவில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. எழுதிக் கொடுக்காவிட்டால் போகிறது, பழம் என்ன பாவம் செய்தது?

அவருக்கு ஒரே பெண், கவிநிலா. ஒன்றாம் வகுப்பு. சோற்றைத் தவிர மற்றதெல்லாம் தின்பாள். பல்பத்தைக் கரும்பு போலக் கடிப்பாள், சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டுவாள். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தனம் அவள் பின்னால் ஓடுவதைப் பார்த்துத்தான் எங்கள் தெருவில் மணி எட்டு ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். "பசிச்சா சாப்புடுவா, வுடு" என்பார் மணிவேல். சொல்லிவிட்டு ஊரார் மாட்டுக்கு என்ன கோளாறு என்று பார்க்க வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் யானை வந்து சேர்ந்தது. கிரிவலப் பாதையில் ஒரு மடம். பெயர் வேண்டாம். நீங்கள் எந்த மடத்தை நினைத்தாலும் அது இல்லை. அங்கே உண்ணாமலை என்று ஒரு பெண் யானை. கொஞ்ச நாளாக நெற்றிப்பொட்டு குழிவிழுந்து, தோல் வற்றி, தும்பிக்கையைத் தூக்கவே யோசித்தது. பௌர்ணமிக்கு வந்த பக்தர்கள் "விரதம் இருக்குது போல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். கால்நடை டாக்டர் தேவிப்ரியா மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல், லத்தியை ஆய்வுக்கு அனுப்பச் சொன்னார். மாடு போடுவது சாணம், யானை போடுவது லத்தி.

யானைப் பாகன் தருமன் அதை ஒரு வாழை இலையில் கட்டி, டி.வி.எஸ். வண்டியில் முன்னால் வைத்துக் கொண்டு வந்தார். மணிவேல் திருப்பி அனுப்பினார். தரையில் பட்டது கூடாது, தரையில் திரியும் புழுவெல்லாம் சேர்ந்துவிடும், இப்போதுதான் போட்டதாக, உருண்டையின் நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்றார். தருமன் முணுமுணுத்துக்கொண்டே போய், சொன்னபடி எடுத்து வந்தார். உப்பைக் கரையும் மட்டும் கரைத்த தண்ணீரில் அதைக் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குழாயில் விளிம்பு வரை ஊற்றி வைத்தால், சாம்பாரில் எண்ணெய் மிதக்கிற மாதிரி முட்டைகள் மேலே வந்து மிதக்கும். மேலே மூடின கண்ணாடிச் சில்லில் ஒட்டிக்கொள்ளும். மணிவேல் பார்த்தார். முட்டைகள் கூட்டம் கூட்டமாக இருந்தன.

தெருவில் அவருடைய மரியாதை ஒரே நாளில் ஏறியது. மாட்டுச் சாணம் பார்த்தவரை யாரும் மதிக்கவில்லை, யானை லத்தி பார்த்தவரைக் கருவூலத்துக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். யானை முடி மோதிரம் கிடைக்குமா என்று அவர் மனைவி கேட்டனுப்பினாள். தனமேகூட அந்த வாரம் அவருடைய சட்டையை மற்றத் துணியோடு சேர்த்து உலர்த்த ஆட்சேபிக்கவில்லை.

டாக்டர் மருந்து கொடுத்தார். அதை யானைக்குள் செலுத்துகிற பொறுப்பு மடத்து மேனேஜர் ஆதிமூலத்துக்கு வந்தது. ஆதிமூலமே என்று யானை கூப்பிட்டால் ஓடிவர வேண்டிய பெயர். இவரோ யானைக் கொட்டாய் இருக்கும் பக்கத்துக்கே மூக்கில் துண்டு வைத்துக்கொள்ளாமல் வரமாட்டார். ஆனால் மூளைக்காரர். மருந்து கலந்தது பாகனுக்குத் தெரிந்தால் கை தயங்கும், கை தயங்கினால் யானை கண்டுபிடித்துத் துப்பிவிடும் என்று கணக்குப் போட்டார். எனவே தருமனிடம் மூச்சு விடவில்லை. மடத்துச் சமையல்காரி சந்திரம்மாளை மட்டும் கூப்பிட்டு, "மேலாக வைக்கிற உருண்டையில கலந்துடும்மா. காலங்காத்தால பசியில மொத உருண்டைய யோசிக்காம முழுங்கிடும்" என்றார். சாதம், கேழ்வரகு, பச்சைப்பயறு, வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டைகள் தினமும் தாம்பாளத்தில் கொட்டாய்க்குப் போகும். டாக்டர் சொன்ன நாட்களில் எல்லாம் மேலே இருந்த உருண்டையில் மருந்தும் போனது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி லத்தி வந்தது. மணிவேல் பார்த்தார். முட்டைகள் ஒன்றும் குறையவில்லை. மருந்துக்குப் பழகிப்போன புழுவாக இருக்கும் என்று டாக்டர் மறுபடியும் கொடுக்கச் சொன்னார். மறுபடியும் கொடுத்தார்கள். மறுபடியும் அதே முட்டைகள்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டில் ஒரு அதிசயம். எட்டு மணி ஓட்டம் நின்றுபோனது. கவிநிலா வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானாக இட்லி தின்றாள். இன்னொன்று வை என்று கேட்டாள். பல்பம் எழுதுவதற்கு மட்டும் பயன்பட்டது. என்ன செய்தாய் என்று என் மனைவி கேட்டதற்கு, "காத்தால கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று தனம் சிரித்தாள். நான் சொன்னேன் பார், பசித்தால் சாப்பிடுவாள் என்று மணிவேல் பெருமைப்பட்டுக்கொண்டார்.

யானை மட்டும் தேறவில்லை. வளர்ப்பு யானைகளைப் பார்வையிடும் குழு ஒன்று வந்தது. அடுத்த பரிசோதனையிலும் புழு இருந்தால் உண்ணாமலையை லாரியில் ஏற்றி, தூரத்தில் உள்ள முகாமுக்கு அனுப்பிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனது. அங்கே பாகன்கள் இருக்கிறார்கள், கூடவே ஆள் வேண்டாம் என்றும் சொன்னது. மேனேஜர் ஆடிப்போனார், யானை இல்லாத மடத்துக்கு யார் வருவார்கள்? தருமனுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்டால், "இவ ஒருத்திக்கே சோறு போட்டு மாளல" என்று யானையைக் காட்டுவார். சின்ன வயதில் அவளோடு இந்த ஊருக்கு வந்தவர், அவள் பக்கத்தில் பாயைப் போட்டுத்தான் தூங்குவார்.

அன்று சாயங்காலம் தருமன் எதிர்வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். நாற்காலியில் உட்காரவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மணி சார், இல்லைனு ஒரு வார்த்த எழுதிடுங்க சார். அவள ஏத்தினு போய்ட்டாங்கன்னா நான் இன்னா சார் பண்ணுவேன்?"

"இருக்குதே தருமண்ணே."

"இருந்துட்டுப் போவட்டும் சார். இத்தினி ஜனம் வயித்துல இல்லியா? அதுங்கள யாரு லாரியில ஏத்துறாங்க?"

"இல்லைனு எழுதிட்டா புழு செத்துடுமா? அவதான் சாவா."

தருமன் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. உள்ளேயிருந்து தனம் வந்து, "அழுவாதீங்கண்ணே, அவளுக்கு ஒண்ணும் ஆவாது" என்று இரண்டு கையாலும் டீயை நீட்டினாள். ஆபீஸ் சட்டையையே தொடாதவள், யானை வாசனையோடு வந்தவரிடம் இவ்வளவு பக்தி காட்டுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. மணிவேலுக்குத் தோன்றவில்லை. அவர் வேறு யோசனையில் இருந்தார். மருந்து யானையின் வாய்க்குள் போவதை இதுவரை யாராவது கண்ணால் பார்த்தார்களா?

அடுத்த மருந்து நாளில், தனமும் பெண்ணும் கோயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு, விடியும் முன்பே மணிவேல் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருடைய வண்டி மக்கர் செய்தது. என் ஸ்கூட்டரில் இருவரும் போனோம். இந்த முறை டாக்டர் அளவைக் கூட்டியிருக்கிறார், எனக்கு நேரில் பார்க்காமல் மனசு ஆறாது என்றார்.

மடத்தின் பின்பக்கம், கொட்டாயை ஒட்டின சந்தில், இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று பெண்கள் வரிசையாக நின்றார்கள். என்ன விசேஷம் என்று முன்னால் நின்ற அம்மாவைக் கேட்டேன்.

"யான பிரசாதங்க. சோறு துன்னாத புள்ளைங்களுக்கு யான தொட்ட உருண்டையில ஒரு பிட்டு குடுத்தா துன்ன ஆரம்பிச்சிடும். தருமண்ணன் ரொம்ப நாளா குடுத்துனு இருக்காரு. ஆனா இப்போ கொஞ்ச நாளாத்தான் சக்தி ஜாஸ்தி. எம்புள்ளைக்கு ரெண்டு வாட்டி குடுத்தேன், பூச்சி கொத்தா வுழுந்துச்சி. இப்போ இட்லிய எண்ண முடியல."

மணிவேல் முகம் வெளுத்துவிட்டது. அவர் பார்வை வரிசையின் தலைக்குப் போனது. அங்கே தருமன் தாம்பாளத்திலிருந்து மேலே இருந்த உருண்டையை எடுத்தார். யானையின் தும்பிக்கையிடம் காட்டினார், அவள் தொட்டு மோந்தாள். அடுத்து அந்த உருண்டையை அவளுக்குக் கொடுக்காமல் வரிசையின் பக்கம் திரும்பிப் பிட்டார். வரிசையில் முதல் ஆளாகத் தனம். பக்கத்தில் கவிநிலா, தயாராக வாயைத் திறந்துகொண்டு.

அந்த மனிதர் ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "குடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே போய்த் தருமன் கையைத் தட்டிவிட்டார். உருண்டை கீழே விழுந்து உருண்டது. பெண்கள் "ஐயோ!" என்று அலறினார்கள். உண்ணாமலை மட்டும் பதறவில்லை. தினமும் மோந்து பார்க்க மட்டுமே கிடைத்த முதல் உருண்டை காலடியில் கிடந்தது. தும்பிக்கையால் நிதானமாக எடுத்தாள், சிந்தினதையும் கூட்டி எடுத்தாள், வாயில் போட்டு விழுங்கினாள். இத்தனை வாரத்தில் மருந்து யானைக்குள் போனது அன்றைக்குத்தான்.

"அதுல யான மருந்து கீது!" என்று மூச்சு வாங்கினார் மணிவேல்.

"எனக்கு யாரும் சொல்லலியே சார்!" என்றார் தருமன்.

சத்தம் கேட்டு மூக்கில் துண்டோடு ஆதிமூலம் வந்தார். "நீ மொத உருண்டைய ஊருக்குப் பிட்டுக் குடுக்கறன்னு எனக்கு யார் சொன்னாங்க?" என்று தருமன் மேல் பாய்ந்தார். மேனேஜருக்குத் தெரிந்தால் நிறுத்திவிடுவார் என்று தருமன் சொல்லவில்லை. பாகனுக்குத் தெரிந்தால் யானைக்குத் தெரிந்துவிடும் என்று மேனேஜர் சொல்லவில்லை. மணிவேல் தனத்தின் பக்கம் திரும்பி, "நீ இங்க வர்றது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். தெரிந்தால் கத்துவார் என்று அவளும் சொல்லவில்லை. அவரவர் நல்ல எண்ணத்தில் அவரவர் மறைத்திருந்தார்கள்.

டாக்டர் தேவிப்ரியா அலறியடித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டினார்கள். ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே உருண்டையை அத்தனை பேருக்குக் கிள்ளிக் கொடுத்ததில், ஆளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற பூச்சி மாத்திரை அளவுதான் போயிருக்கும் என்றார்கள். பெரிய அளவு கலந்த அன்றைக்கு நல்லவேளையாக ஒருவர் தட்டிவிட்டிருந்தார். அன்று ராத்திரி மணிவேல் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மருந்தைத் தருமன் கையாலேயே, தருமனுக்குத் தெரிந்தே கொடுத்தார்கள். கையும் தயங்கவில்லை, யானையும் துப்பவில்லை. வெல்லம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும் என்று தெரிந்தது. அடுத்த லத்தியில் மணிவேல் திரும்பத் திரும்பத் தேடினார். முட்டை இல்லை. இல்லை என்று எழுதினார். குழு வந்து யானையைத் தட்டிக்கொடுத்தது, யானையோடு மேனேஜர் நின்று படம் எடுத்துக்கொண்டார். லாரி வரவில்லை. தருமன் பழையபடி பாயை அவள் பக்கத்திலேயே போட்டார்.

மணிவேலுக்கு யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. பின்வாசலில் மேனேஜர் பூட்டுப் போட்டுவிட்டார். வரிசையில் நின்ற தாய்மார்கள் அதற்கும் மணிவேலைத்தான் காரணமாகச் சொன்னார்கள். பிள்ளைகள் வாயில் விழ வேண்டிய பிரசாதத்தைத் தட்டிவிட்டவர், லத்தியைத் துருவித் துருவிப் பார்த்து யானையின் சக்தியையே வடித்து எடுத்துவிட்டவர். மருந்தின் வேலைதான் அது என்று அவர் விளக்கிப் பார்த்தார். "மருந்துன்னா யானைக்கு ஏன் கேக்கல? புள்ளைங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சி?" என்று ஒரு அம்மா மடக்கினாள். பதில் அவரிடம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. கருவூலத்துக்காரர் அவரைக் கண்டால் எழுந்திருப்பதை நிறுத்தினார். சட்டையும் பழையபடி தனிக் கொடிக்குப் போனது.

மழைக்காலம் முடிந்தபோது எட்டு மணி ஓட்டம் மறுபடி ஆரம்பித்தது. கவிநிலா தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தாள். தனம் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள். மணிவேல் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து என்னிடம் சொன்னார். "முட்ட இருக்குது சார். ஊரு மாட்டுக்கெல்லாம் பாத்தேன். பெத்த பொண்ணுக்குப் பாக்கணும்னு இத்தினி வருஷமா எனக்குத் தோணவே இல்ல." சொல்லி முடிக்குமுன் குரல் உடைந்துவிட்டது. எனக்கும் சங்கடமாகப் போய்விட்டது, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி வந்தார். கவிநிலா துப்பினாள். பொடி செய்து பாலில் கொடுத்தார்கள், முகர்ந்து பார்த்துவிட்டுக் கொட்டினாள். மூக்கைப் பிடித்து ஊற்றினார்கள், வாந்தி எடுத்தாள். "ஏன்டி இப்படிப் பண்ற?" என்று தனம் அழுதாள்.

"இதுல மருந்து இருக்குது" என்றாள் கவிநிலா.

"யான தொட்டுக் குடுத்தா துன்னுவா" என்றாள் தனம், சுவரைப் பார்த்துக்கொண்டு. மணிவேல் எழுந்து சமையலறைக்குப் போனார். சாதத்தில் வெல்லம் பிசைகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, வாசலில் நின்ற என்னிடம், "சார், ஸ்கூட்டர எடுக்கறீங்களா?" என்றார்.

தருமன் பிள்ளையோடு எங்களைக் கண்டதும் பூட்டைத் திறந்துவிட்டார். உண்ணாமலை நன்றாக உருண்டிருந்தாள், நெற்றிக்குழி நிரம்பியிருந்தது. மணிவேல் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து உருண்டையை நீட்டினார்.

தருமன் வாங்கவில்லை. அந்தக் காலைக்குப் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் விசாரிக்காமல் அவர் தொடுவதில்லை.

"இதுல இன்னா சார் கீது?"

கவிநிலா அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மணிவேல் யானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாகப் பெண்ணைப் பார்த்தார். பாயசத்துக்குச் சர்க்கரை கம்மி என்று சொன்ன ஆள், பலாப்பழத்தை ஆட்டோவில் திருப்பி அனுப்பிய ஆள், தருமன் காலடியில் சரிந்து அழுதபோதும் ஒரு வார்த்தை மாற்றாத ஆள்.

"ஒண்ணும் இல்ல தருமண்ணே. வெறும் சோறு."

தருமன் அவர் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உருண்டையை வாங்கி, யானைக்கு எட்டியும் எட்டாமலும் தூக்கிப் பிடித்துத் தொடவைத்து, குனிந்து குழந்தையிடம் நீட்டினார். கவிநிலா மோந்து பார்க்கவில்லை. அப்பா பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள்.